ஓஸ் பிடிக்கிறவன் சொன்ன பொம்மைப் படம்

இல்லப்பா, போனை நோண்டல. நோண்டுனாலும் நடுக்கடல்ல டவர் ஏது? ஒரு படத்த நெனச்சேன், சிரிப்பு வந்துட்டு, அதான். பொம்மைப் படம். ஆமா, வரைஞ்சு அசைய விடுவாவள்லா, அது. சின்னப்பிள்ளைய மட்டும் பாக்குததுன்னு யாரு சொன்னா? காதல் படம்ப்பா. மொறைக்காதிய. ஒங்களுக்கு இப்ப என்ன சோலி இருக்கு? ஒரு முங்கு முங்கிட்டு இப்பத்தான ஏறியிருக்கிய. மேலு ஆறணும்லா. அதுவரைக்கும் நீங்க என் மூஞ்சியப் பாக்க, நான் ஒங்க மூஞ்சியப் பாக்கன்னு இருக்கதுக்கு ஒரு கதையக் கேளுங்க. இந்தாங்க டீ.

ஒரு பய, ஒரு பிள்ளை. ரெண்டுக்கும் பதினேழு வயசு. ஒரு நாள் காலையில முழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளை இவன் மேலுக்குள்ள இருக்கா, இவன் அவ மேலுக்குள்ள இருக்கான். ஒடம்பு விட்டு ஒடம்பு உசுரு மாறிட்டு. எப்படி மாறுச்சா? அத படத்துல சொல்லவே இல்ல. பேயும் இல்ல, மந்திரவாதியும் இல்ல. படுத்தாவ, விடிஞ்சா மாறிக் கெடக்காவ. நீங்க பாட்டுக்குக் கேளுங்கப்பா, மழை ஏன் பெய்யுதுன்னா கேக்கோம்?

ஜப்பான்காரன் எடுத்ததா? இல்ல, நம்ம பக்கத்துப் படந்தான். வள்ளம் வருது, கோயில் வருது, சங்கு குளிக்கது வருது. அசல் தருவைகுளம் மாதிரி ஒரு ஊரு. அதான் ஒங்களுக்குப் புரியும்னு சொல்லுதேன்.

மொதல்ல ஒரே கூத்து. அந்தப் பய அவ மேலுக்குள்ள இருந்துக்கிட்டு தலை சீவத் தெரியாம, சடைய வடக்கயிறு கணக்கா முறுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறான். நடக்குத நடையப் பாத்துட்டு கூடப் படிக்குத பிள்ளைய, ஏளா, ஒனக்கென்ன கால்ல முள்ளு குத்திட்டான்னு கேக்காளுவ. ஒரு வாரத்துலயே வயித்து வலி வந்துட்டு. சாவப்போறேன்னு நெனச்சு அவளுக்கே போனப் போட்டு அழுதான். இவ இவன் தொண்டையில இருந்துக்கிட்டு, லே கோட்டி, இது மாசாமாசம் வாரது, போயி அலமாரியில மேல் தட்டுல பாருன்னா. இவ மட்டும் என்ன வாழ்ந்தா? மீசைய வழிக்கேன்னு மேலுதட்ட அறுத்துக்கிட்டா. வீட்டுல கேட்டதுக்கு பூனை பிராண்டிட்டுன்னுட்டா. நீங்களும் சிரிக்கிய பாத்தியளா? நான் சொல்லல?

பேரு என்னமோ வச்சிருந்தான், வாயில வரல. நம்ம வசதிக்கு பயலுக்கு ரெக்ஸன்னே வச்சுக்கிடுவோம், என் பேரு. பிள்ளைக்கு டெல்சி. ஏன், டீயக் கீழ வச்சிட்டிய? சும்மா ஒரு பேருக்குத்தானப்பா. ஒங்க தங்கச்சி மவ பேர வச்சா பொம்மைப் படத்துக்குத் தீட்டா பட்டுரும்? வேண்டாம்னா மாத்திக்கிடுவோம். மாத்தவும் வேண்டாமா? அப்ப டெல்சியே இருக்கட்டும்.

ஆமா, படத்துலயும் மாமன் மவன், அத்தை மவதான். ஒரே ஊருன்னாலும் பேச்சு கெடையாது. பய நாசரேத்துல ஹாஸ்டல்ல கெடந்து படிச்சவன். அவளுக்கோ மாமன் வீட்ட நெனச்சாலே எரியும். அவ அம்மைக்கு அப்படி இல்ல. அண்ணன் அண்ணன்னு உருகுவா. பிள்ளைக்கு ஏன் எரியுதுன்னா, அவ அப்பா சங்கு குளிக்கப் போயி செத்துட்டாரு. குடிச்சிட்டு முங்குனான், கீழ போதை ஏறி, காத்து வாரதுக்கு வாயில வச்சிருந்த ஓஸ அவனே உதறிட்டான்னு ஊரே பேசிச்சு. எங்கன, அந்த மனுசன் குடிய விட்டு வருசக்கணக்காச்சு! கோயில்ல பாட்டுப் பாடுதவரு. செத்தன்னைக்குக் காலையில அவளுக்கு முத்தம் குடுத்துட்டுப் போனாரு, பல்பொடி வாடைதான் அடிச்சுது. இத யார்ட்ட சொல்ல? சொன்னா, சின்னப்பிள்ளைக்கு அப்பன விட்டுக்குடுக்க மனசு வரலம்பாவ. அதனால அவளுக்குள்ள ஒரே ஒரு வெறிதான். அப்பா எப்படிச் செத்தாருன்னு தெரியணும். தெரிஞ்சிட்டா, அதுக்குக் காரணமானவன் ஒரு நாளும் நிம்மதியா மூச்சு விடக்கூடாது.

நம்ம கரை வழக்கம் ஒங்களுக்கு நான் சொல்லணுமா? கீழ இறங்குதவனுக்கு மேல வள்ளத்துல ஓஸ் பிடிக்கது மச்சானா இருக்கணும், பெண்டாட்டி கூடப்பொறந்தவன். முத்துக் குளிச்ச காலத்துல கயிறு பிடிச்சதும் மச்சான்தான், இப்ப ஓஸ் வழியா காத்து அனுப்புத கம்ப்ரஸர் வந்த பொறவும் மச்சான்தான். சொந்த அண்ணன் தம்பிகூட ஒரு நேரம்போல ஒரு நேரம் இருக்கமாட்டான். மச்சான் கைய விட்டா தாலி அறுக்கது அவன் கூடப்பொறந்தவள்லா. அதுக்காவது பயப்படுவான். அந்த நம்பிக்கையிலதான் டெல்சி அப்பா தொம்மை, மச்சான் கையில ஓஸக் குடுத்துட்டு அடியில இறங்குனாரு.

தொம்மைங்குத பேருமா படத்துல வருதுன்னு கேக்கியளா? வருதே, நான் என்ன செய்ய? வேர்க்குது ஒங்களுக்கு. துண்ட நனைச்சுத் தரட்டா?

தொம்மை செத்த பொறவு மாமன்காரன் வள்ளத்துல கூலிக்கு முங்க ஒரு குளியாளும் வரல பாத்துக்கிடுங்க. வாயத் தெறந்து யாரும் ஒண்ணும் சொல்லல. கூப்புட்டா காய்ச்சல்ங்கான், கலியாணங்கான், இன்னொருத்தன் மூஞ்சியக்கூடப் பாக்காமப் போறான். அவன் ஓஸுல வாய் வைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்ல. எல்லாம் பொறாமைன்னு மாமன் சொல்லிக்கிட்டான். கடைசியில அவனே இடுப்புல ஈயக்கட்டி பெல்ட்டக் கட்டிக்கிட்டு முங்குதான். ஓஸ் பிடிக்க பெண்டாட்டி தம்பியக் கூப்புட்டான், அவன் மஸ்கட்டுக்கு ஓடிட்டான். வேற வழியில்லாம ஹாஸ்டல்ல இருந்த மவனப் படிப்ப நிறுத்திக் கூட்டிட்டு வாரான். ஆமாப்பா, நம்ம கதை மாதிரியேதான் இருக்கு. எனக்கும் பாக்கும்போது அப்படித்தான் இருந்துச்சு.

அந்த நேரத்துலதான் இதுவ மாறுது. டெல்சி எங்கன முழிக்கா? மாமன் வீட்டுல, மாமன் மவனா. அவ மூணு வருசமா எந்த வீட்டு வாசலப் பாத்துப் பல்லக் கடிச்சாளோ அந்த வீட்டுக்குள்ள, மாமன் கையால சோறு வாங்கித் திங்கா. மொத நாளு பயந்துட்டா. ரெண்டாம் நாளு ஆண்டவருக்கு நன்றி சொன்னா. ஆமா, முட்டங்கால் போட்டு.

காதலா? வரும் வரும், அவசரப்படாதிய. ஒரு நாளு குளிச்சிட்டு சட்டையப் போடப் போனவ கண்ணாடியில முதுகப் பாக்கா. வரிவரியா தழும்பு. பெல்ட்டு அடி. பழசும் புதுசுமா கெடக்கு. அந்தப் பய யாருட்டயும் சொன்னதில்ல. அவ போனப் போட்டு, லே, இது எப்பம் விழுந்ததுன்னு கேட்டா. அவன் சிரிச்சிக்கிட்டே, எது, படிக்கணும்னு சொன்னதுக்கு விழுந்ததா, வள்ளத்துக்கு வரமாட்டேன்னு சொன்னதுக்கு விழுந்ததான்னு கேக்கான். அவ அவனுக்காக அழுதா, அவன் கண்ணாலயே.

பொறவு ரெண்டும் கோயிலுக்குப் பின்னால கடக்கரையில சந்திச்சிதுவ. அவளுக்கு எதுக்க அவ மூஞ்சியே நிக்குது. அந்த மூஞ்சியில அவன் சிரிக்கான். அப்பா போன பொறவு அந்த மூஞ்சி சிரிச்சு அவளே பாத்ததில்ல. ஒன் மூஞ்சி நல்லாத்தான இருக்கு, ஏன் எப்பவும் உம்முனு வச்சிருந்தன்னு கேட்டான் படவா. அதுக்கு மேல அவளுக்கு என்ன வேணும்? விழுந்துட்டா.

திரும்ப மாறுத வழியும் அன்னைக்கித்தான் தெரியுது. ரெண்டு பேரும் மனசார ஒண்ணுபோல ஆசைப்பட்டு, போதும், வீட்டுக்குப் போவோம்னு நெனச்சுப் படுத்தா விடியும்போது மாறிருது. ஒருத்தர் நெனச்சு ஒருத்தர் நெனைக்கலன்னா மாறாது. ஒருக்க மாறிப் பாத்தாவ. பொறவு அவளே கெஞ்சி, அதே மாதிரி ரெண்டு பேரும் ஆசைப்பட்டு, அவன் மேலுக்குள்ள திரும்பப் போனா. ஏன்னா அவ வந்த சோலி இன்னும் முடியலல்லா.

இருங்க, எங்க எந்திரிக்கிய? இப்பத்தான் கதையே வருது. உக்காருங்க, வள்ளம் ஆடுது.

ஒரு நாளு மாமன்காரன் மவனுக்குத் தொழில் சொல்லிக்குடுக்கான். கம்ப்ரஸர் வச்சு முங்கக்கூடாதுன்னு தடை, பிடிக்க அரசாங்கத்து ரோந்து போட்டு வரும்ல. வந்தா என்ன செய்யணும்? அவன் சொல்லுதான், லே, தூரத்துல வெள்ளைப் போட்டு தெரிஞ்சா யோசிக்கப்படாது, மொதல்ல ஓஸ அறு. கம்ப்ரஸரக் கடல்ல தள்ளு. வள்ளத்த எடு. கையும் களவுமா மாட்டுனா வள்ளம் போயிரும். மவன் கேக்கான், கீழ ஆள் இருந்தா? அதுக்கு இவன் பீடியப் பத்தவச்சுக்கிட்டே, கீழ உள்ளவன் காத்து நின்னா தன்னால ஒசக்க வந்துக்கிடுவான்னுட்டான். அம்புட்டு ஆழத்துல இருந்து ஒரே மூச்சுல ஒசக்க வந்தா ரத்தத்துல காத்து ஏறி மனுசன் சாவான்னு இந்தக் கரையில கைப்பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா?

மவன் விடல. அப்பா, நீங்க யாருக்காவது அறுத்திருக்கியளான்னு கேட்டான். மாமன்காரன் புகைய விட்டுக்கிட்டே சொன்னான். ஒன் மாமன் தொம்மைக்கு அறுத்தேன். அன்னைக்கி அது ரோந்து போட்டே இல்ல, எவனோ மீன்வளக் காலேசுக்காரனுவ. அது அவன் நேரம்னு சொல்லிட்டு பீடியத் தண்ணியில சுண்டிவிட்டான்.

அவ வள்ளத்து முன்பக்கம் அணியத்துல குனிஞ்சு குடல் வெளிய வாரமாதிரி வாந்தியெடுத்தா. கடல் பழகலன்னு நெனச்சு மாமன் அவ முதுகத் தடவிக் குடுத்தான். அப்பா உசுர அறுத்த கை அவ முதுகுல. அந்தக் கையக் கடிச்சுக் குதறாம எப்படி இருந்தாளோ, எனக்கு இன்னும் தெரியலப்பா. ஆனா இருந்தா. ஏன்னா கடிச்சா ஒரு வலியோட போயிரும்.

யாரு சொன்னா எனக்கா? அத்தையா? அத்தைக்குத் தெரிஞ்சா இப்படி இருப்பாளா! அங்கன அதுதான் கொடுமை. டெல்சி அம்மைக்கு ஒண்ணுமே தெரியாது. நாந்தான் எங்கண்ணன் கூடப் போங்க, அவன் பாத்துக்கிடுவான்னு தள்ளிவிட்டேன்னு, மீன அறுக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவா. அதுலயும் ஒரு ஆறுதல் வச்சிருக்கா. செத்தாலும் உடம்பக் கடலுக்கு விட்டுராம என் அண்ணன் தேடிக் கொண்டுவந்து சேத்தானேன்னு. அந்த நன்றிக்காக ஞாயித்துக்கிழமை தோறும் நண்டுக் குழம்பு வச்சு தூக்குவாளியில ஊத்தி அண்ணன் வீட்டுக்குக் குடுத்துவிடுவா.

இப்பம் அந்தத் தூக்க யாரு கொண்டுபோவா? டெல்சி மேலுக்குள்ள இருக்க ரெக்ஸன். அவளோ மாமன் வாயால கேட்டத ஒண்ணு விடாம அவன்ட்ட சொல்லிட்டா. அவன் நம்பல. எங்கப்பா அடிப்பாரு, கெட்ட வார்த்தை பேசுவாரு, இது செய்யமாட்டாருன்னான். சரி, நீயே போயி மூஞ்சியப் பாருன்னா. போனான். அவன் வீட்டு வாசல்ல அவனே விருந்தாளி மாதிரி நிக்கான். அவன் அப்பன் நண்டுக் கால உறிஞ்சிக்கிட்டே, ஏளா, போன வாரம் உப்பு கூடிட்டு, ஒங்கம்மைக்குக் கையில அளவே கெடையாதுங்கான். இவன் அவ குரல்ல, மாமா, எங்கப்பா சாவும்போது நீங்க பக்கத்துலதான இருந்திய, கடைசியா ஒண்ணும் சொன்னாரான்னு கேக்கான். மாமன் திங்குதத நிறுத்தல. குடிகாரன் என்னத்தச் சொல்லுவான்னுட்டு அடுத்த நண்ட எடுத்தான்.

அந்தப் பய தூக்கக் கழுவிக்கூட வாங்காம ஓடிவந்துட்டான். அன்னைக்கே டெல்சிட்ட சொல்லிட்டான். நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன். அந்த ஆளு ஒங்கம்மை முன்னால, ஊரு முன்னால, என்ன செஞ்சேன்னு வாயால சொல்லுத வரைக்கும் நான் மனசார ஆசைப்படமாட்டேன். அவருக்கு மவன் இல்லைன்னே இருக்கட்டும்னான். அவ கட்டாயப்படுத்தல அவன. அவனா சொன்னது.

முடிவா? முடிவு இன்னும் எடுக்கலப்பா.

என்னது? எவ தலையணை மந்திரம் ஓதுனான்னா கேக்கிய? எவளும் ஓதல. நீங்கதான் சொன்னிய. இதே பலகையில, இதே மாதிரி பெல்ட்டக் கட்டிக்கிட்டு உக்காந்து, பீடியக் கையில வச்சிக்கிட்டு. அடிக்கவா கைய ஓங்குதிய? அடிங்க, நல்லா அடிங்க. தழும்பு விழப்போறது ஒங்க மவன் மேலுலதான. ஏற்கெனவே இடம் இல்லாமக் கெடக்கு. ரெக்ஸன் இங்க இல்ல. எங்கம்மை கூட உக்காந்து நண்டு உடைச்சிக்கிட்டு இருக்கான், மாமா.

ஆமா, மாமாதான். அப்பான்னு ஒங்களக் கூப்புட்டு கூப்புட்டு என் நாக்கு அழுகிப் போச்சு.

நம்பலையா? எங்கப்பாவ அடக்கம் பண்ணுதன்னைக்கி நான் கல்லறைத் தோட்டத்துல சுவரோரமா தனியா நின்னேன். நீங்க வந்து என் கண்ணத் தொடச்சிவிட்டிய. தொடச்சிக்கிட்டே காதுக்குள்ள, ஏளா டெல்சி, ஒங்கப்பன் சட்டைய நீயா கழட்டுன, அதுல அறுந்த ஓஸுத் துண்டு ஏதும் சொருகியிருந்துதான்னு கேட்டிய. இல்ல மாமான்னேன். நல்ல பிள்ளைன்னு கன்னத்துல தட்டிட்டுப் போனிய. பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது. ஒங்க மவன் நாசரேத்துல இருந்தான். அவனுக்கு யாரு சொல்லியிருப்பா?

இப்பம் முழிக்கிய பாருங்க, இந்த முழி. இதப் பாக்கத்தான் இத்தன நாளும் ஒங்க எச்சித்தட்டக் கழுவுனேன்.

பயப்படாதிய. கொல்லமாட்டேன். கொன்னா ஒங்களுக்கு ஒரு நாளோட முடிஞ்சிரும். எனக்கு மூணு வருசம் ஆச்சு, இன்னும் முடியல. நான் ஒங்க மவனாவே இருக்கேன். நல்ல மவனா. தெனமும் ஒங்க கூட வள்ளத்துக்கு வாரேன், தெனமும் ஓஸ் பிடிக்கேன். முங்காம ஒங்களால எத்தன நாளு இருக்க முடியும்? கூலிக்கு வேற எவன் வருவான் ஒங்ககிட்ட? ஓஸ் பிடிக்க வேற எவன் வருவான்? கீழ இருட்டுல சங்கத் தடவிக்கிட்டு இருக்கும்போது ஓஸு லேசா அசைஞ்சாலும் நீங்க யோசிப்பிய, மேல இருக்கது தொம்மை மவளாச்சேன்னு. நான் ஒண்ணும் செய்யமாட்டேன். ஆனா அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவும் மச்சான் ஒண்ணும் செய்யமாட்டான்னுதான் நெனச்சாரு.

போயி யார்ட்டயும் சொல்லுவியளா? சொல்லுங்க. என் மவனுக்குள்ள என் தங்கச்சி மவ இருக்கான்னு சொல்லிப் பாருங்க. சாமியாரு தீர்த்தத்தத் தெளிச்சு செபம் பண்ணிட்டுப் போவாரு. ஒங்க பெண்டாட்டி தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்ப்பா.

இல்லன்னா ஒரு வழி இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு சனம் கலையுததுக்கு முன்னால எங்கம்மை முன்னாடி போயி நில்லுங்க. தொம்மை குடிக்கல, நாந்தான் ஓஸ அறுத்தேன்னு சொல்லுங்க. அழவேண்டாம், கால்ல விழவேண்டாம். எங்கப்பா குடிச்சுச் சாவலன்னு அவ காதுல விழணும், அம்புட்டுதான். அவ தன்னையே திட்டிக்கிடுதது நிக்கணும். அப்பம் ஒங்க மவன் திரும்பி வருவான். வந்து ஒங்க மூஞ்சியில முழிப்பானா மாட்டானாங்கது அவன் பாடு, ஒங்க பாடு.

பெல்ட்டு அவுருது பாருங்க, நான் மாட்டிவிடுதேன். இறங்குதியளா, இல்ல வள்ளத்தக் கரைக்குத் திருப்பட்டா? நீங்களே சொல்லுங்க. எதுனாலும் எனக்குச் சம்மதம். எப்படியும் ராத்திரிச் சோறு நமக்கு ஒரே வீட்டுலதான மாமா.